மாத்தி வெச்சிருக்கு

ரத்னபாயிடம் வண்டியைக் காட்டுவதைவிட போலீஸிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று பாறசாலைப் பக்கத்தில் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் நினைப்பார்கள். போலீஸ் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடும். ரத்னபாய் அப்படி விடமாட்டாள். சைலன்சர் குழாய்க்குள் சுட்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்து, இஞ்சினுக்கு என்ன நோய், வண்டிக்காரனின் குணம் என்ன, வீட்டில் அவனுக்கு என்ன மரியாதை என்பது வரை நாலு பேர் கேட்கச் சொல்வாள். சொன்னதில் பெரும்பாலும் தப்பும் இருக்காது. எங்களுக்கு அவள்மேல் இருந்த பெரிய கோபமே அதுதான்.

நான் அவளுடைய புகைப் பரிசோதனை நிலையத்துக்கு அடுத்த அறையில் வண்டி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கிறவன். பெயர் சஜி. பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே வராந்தா. அவளுடைய கதையைச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தால், அவள் செய்த ஒரே ஒரு தப்பைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தப்பில் பிரேமகுமாரி என்ற ஒருத்தி செத்துப் போனாள். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ரத்னபாய் காஞ்சிரங்குளம் பக்கத்தில் பிறந்தவள். அப்பா அங்கே சபையில் கோயில்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மணியடித்து, பெஞ்சு துடைத்து, பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை. பத்தாவது முடித்ததும் ராஜதாஸ் என்ற லாரி மெக்கானிக்குக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமான மூன்றாம் நாளே அவனுடைய வேலைத் துணியை அவள் முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். கரியைப் பற்றிய படிப்பு அந்தத் துவைகல்லில்தான் தொடங்கியது. டீசல் கரி ஒட்டினால் சோப்பு இரட்டிப்பாகக் கேட்கும். பெட்ரோலை அளவுக்கு மேல் ஊற்றி அரைகுறையாக எரிந்த கரி உலர்ந்த பொடி. உதறினாலே பாதி போய்விடும். எண்ணெய் எரிந்து வந்த கரி வழவழவென்று இருக்கும். துணியை விட்டுப் போகாது, சோப்பையும் கறுப்பாக்கிவிடும். ராஜதாஸ் சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால், "இண்ணைக்குப் பார்த்த வண்டிக்க இஞ்சின் போச்சு, வெறுதே கெடந்து தட்டாத" என்று கிணற்றடியிலிருந்தே சொல்வாளாம். அவன் முதலில் சிரித்தான். பிறகு, சிக்கலான வண்டி வந்தால் கைத்துணியை மடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினான்.

ராஜதாஸ் செத்ததும் வண்டிக்கு அடியில்தான். ஜாக்கி சரிந்து லாரியின் அச்சு நெஞ்சில் உட்கார்ந்தது. அடக்கத்துக்கு எடுக்கப் போகிற நேரம், போதகர் வேதபுத்தகத்தை விரித்துவிட்டார், ரத்னபாய் எழுந்து கூட்டத்தின் பின்னால் நின்ற ஞானசிகாமணியை விரல் நீட்டிக் கூப்பிட்டாள். அவர் அடுத்த ஒர்க்‌ஷாப்காரர். "உமக்க ஜாக்கியாக்கும் இது. எண்ணெய் ஒழுகுதுண்ணு தெரிஞ்சுதானே குடுத்தீரு?" என்று கேட்டாள். அழவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர் அடுத்த மாதம் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டினார். இப்போதும் சபையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார். அவள் கேட்டது சரியான கேள்விதான். சாவு வீட்டில் அப்படிக் கேட்பதும் சரிதான் என்று அன்றோடு அவளுக்குத் தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போய் வந்து இந்த நிலையத்தைத் திறந்தாள். மெஷினின் குழலைச் சைலன்சருக்குள் செருகினால் கம்ப்யூட்டரில் எண் வரும். அரசாங்கத்துக்கு அது போதும். ரத்னபாய்க்குப் போதாது. ராஜதாஸின் பழைய வெள்ளை வேட்டிகளைக் கைக்குட்டை அளவில் கிழித்து வைத்திருந்தாள். தோற்ற வண்டியின் பின்னால் ஒரு துண்டைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்வாள். துணியில் கறுப்பாக ஒரு வட்டம் விழும். அதன் கீழே வண்டி எண்ணை எழுதி வராந்தாக் கம்பியில் தொங்கவிடுவாள். வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்தால்தான் துணி இறங்கும். பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் தினத்துக்கு மரம் நட்டுப் பிரசங்கம் செய்த ஷிஜு சாரின் துணி ஒன்பது நாள் தொங்கியது. பிள்ளைகள் அதைப் படம் பிடித்துப் பள்ளிக்கூட வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். அவர் இடமாற்றம் கேட்டுப் போனதற்குக் காரணம் அதுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த மாதமே போனார்.

எனக்கும் அவள் ஒன்று செய்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெருங்கடவிளையில் நந்தனா என்ற பெண்ணை எனக்குப் பேசினார்கள். என்னைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள், அடுத்த கடைக்காரி என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். "ஆள் கொள்ளாம், நல்லவந்தான். குடி கெடையாது. பின்ன, கை விறைக்காம, கூசாம கள்ளம் எழுதுவான்" என்று சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் வாங்கின சாயாவை முழுதாகக் குடிக்காமல் பஸ் ஏறினார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். "கேக்க வந்தவங்ககிட்ட நான் கள்ளம் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டாள். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால் அவள் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அஸ்வந்த் எங்கள் ஊரில் வயரிங் வேலை பார்க்கிறவன். இருபத்தாறு வயது. அவன் அம்மாதான் பிரேமகுமாரி. இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அம்மாவைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று ஒரு பழைய சின்னக் கார் வாங்கினான். நல்ல எண்ணம்தான். ஆனால் அவன் வாங்கினது ரேஸ் பைத்தியம் பிடித்த ஒருவன் உருமாற்றி வைத்திருந்த வண்டி. சத்தத்தை அடக்குகிற பெட்டி கிடையாது. புகையைச் சுத்தம் செய்கிற பெட்டியும் கிடையாது. பெரிய ஒற்றைக் குழாய் போட்டு, அதையும் பின் பம்பர்வரை கொண்டுவராமல் டிக்கிக்கு அடியிலேயே வெட்டி விட்டிருந்தார்கள். பெட்ரோலை அதிகமாக ஊற்றும்படி வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரையும் மாற்றியிருந்தார்கள். அஸ்வந்த் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கியிருக்கலாம். அவனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப் போயிற்று. பிரேமகுமாரிக்கும் பிடித்திருந்தது, "எனக்க மோன் அமரவிளை தாண்டினாலே எனக்குக் கேக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

போதாததற்கு அவன் வண்டிக்கு அடியில் கலர் லைட்டும் போட்டான். அந்த வயரைத்தான் டிக்கியின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே இறக்கினான்.

இந்த ஓட்டை எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவனுடைய பாலிசி காலாவதியாகி இருந்தது. அப்படியான வண்டிக்குப் புதிதாக இன்சூரன்ஸ் போட வேண்டுமானால் எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவன் வீட்டுக்குப் போனேன். டிக்கியில் விரிப்பைத் தூக்கினால் உள்ளங்கை அகலத்தில் ஓட்டை. சிவப்பும் நீலமுமாக வயர் இறங்கிப் போகிறது. அடியில் முற்றத்து மணல் தெரிகிறது. அந்த ஓட்டைக்குக் கம்பெனி ஒரு ரப்பர் மூடி போட்டிருக்கும்.

"இதுக்குள்ள ரப்பர் எங்கடே?" என்றேன்.

"அது மாத்தி வெச்சிருக்கு அண்ணா" என்று ஜன்னலைக் காட்டினான். ஜன்னல் படியில், தேங்காயெண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில், கறுப்பு ரப்பர் மூடி பத்திரமாக இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல்பை மாத்தி வெச்சாச்சு என்று எங்கள் ஊரில் சொன்னால் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டாயிற்று என்று அர்த்தம். கல்யாணத்தை மாத்தி வெச்சாச்சு என்றால் தள்ளிப் போட்டாயிற்று. அடுப்பிலிருந்து சட்டியை மாத்தி வெச்சாச்சு என்றால் எடுத்து ஓரமாக வைத்தாயிற்று. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் கிடந்து புரள்கிற ஊர் இது. எந்த அர்த்தம் என்பதை இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். பெரும்பாலும் தப்பாது.

நான் விரிப்பைப் பழையபடி போட்டு மூடிவிட்டுப் படம் எடுத்தேன். வண்டியில் ஏதாவது மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று எழுதினேன்.

அந்த வண்டி ரத்னபாயிடம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு மேல். புகைச் சான்றிதழ் முடிந்து போயிருந்தது. ஹைவேயில் பரிசோதனை கடுமையாக இருந்தது. டயாலிசிஸ் முடிந்து திரும்புகிற வழியில் நுழைந்தான். பிரேமகுமாரி பின்சீட்டில் ஸ்வெட்டர் போட்டு, தோர்த்துத் துண்டைத் தலையில் கட்டிச் சாய்ந்திருந்தாள். அவளுக்குக் குளிரும் என்பதால் எப்போதும் கண்ணாடி ஏற்றியே இருக்கும்.

வராந்தாவில் ஐந்தாறு பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ரத்னபாய் குழாய்க்குள் விரலை விட்டாள். உலர்ந்த கறுப்புப் பொடி. இரண்டு விரலுக்கும் நடுவில் தேய்த்து ஊதினாள்.

"பெட்ரோல மோந்தி மோந்தி ஊத்துது. அம்மைக்கு வெள்ளம் கிளாஸில அளந்து குடுப்ப. வண்டிக்கு மட்டும் அளவு கெடையாது, இல்லியா அஸ்வந்தே?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிட்னி போனவளுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகத்தில் நாக்கு வறண்டு அவள் கெஞ்சுவதும், இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரைக் கிளாஸ் கொடுப்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்த காரியம். அஸ்வந்த் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் டிக்கியைத் திறக்கச் சொன்னாள். ஓரத்து ரப்பர் பட்டையின் உள்பக்கமாக விரலை ஓட்டினாள். விரல் கறுத்தது. அந்த நேரம் அவள் முகத்திலிருந்து கேலி போனதை நான் பார்த்தேன்.

"எலே, கரி உள்ள ஏறியிருக்கே. தரையில உள்ள ரப்பர் மூடி எங்க?"

"அது மாத்தி வெச்சிருக்கு மாமி."

புதியது போட்டிருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ராஜதாஸின் வீட்டில் முப்பது வருஷம் மாத்தி வெச்சாச்சு, மாத்தி வெச்சாச்சு என்று உதிரிப்பாகப் பேச்சையே கேட்டவளுக்கு வேறு அர்த்தம் தோன்றாது. விரிப்பைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் அதன்மேல் ஸ்பீக்கர் பெட்டி, மடித்த போர்வை, ஆஸ்பத்திரிப் பை எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் இறக்க வேண்டும். விரல் இருக்கும்போது ரத்னபாய் எதற்கு இறக்கிப் பார்க்க வேண்டும்?

நான் இரண்டடி தள்ளித் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். புதுசு இல்ல அக்கா, கழற்றி வீட்டில வெச்சிருக்கான் என்று சொல்ல எனக்கு மூச்சு ஒன்று போதும். சொல்லவில்லை. சொன்னால், அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள், படத்தைக் கேட்பாள், விண்ணப்பத்தில் எழுதினது வெளியே வரும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வருஷம் காத்திருந்தது கண்ணெதிரே நடக்கிறது. ரத்னபாய் தப்பாகச் சொல்லப் போகிறாள்.

சொன்னாள். "அப்பம் நீ டிக்கியத் திறந்து போட்டு நிண்ணு இஞ்சின முறுக்குதே. பாட்டும் போட்டு, பெண்ணுங்க பார்க்க. அதாக்கும் கரி உள்ள."

மறுபடியும் சிரிப்பு. பின்சீட்டில் பிரேமகுமாரி தலையைத் தூக்கினாள். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர்கள்.

"எட்டி ரத்னம், அவன அப்படிச் சொல்லாத. என்னையல்லாம அவன் வேற யாரையும் இதில ஏத்தல்ல."

ரத்னபாய் ஜன்னல் பக்கம் போனாள். உடம்பு எப்படி என்று கேட்டாள்.

"தலை நோவாக்கும் தாங்க ஒக்காதது. போற வழியில மண்டை பொளக்கும், ஓங்கரிக்கும். அங்க போய் மெஷினில படுத்தா ஒரு மணிக்கூரில விட்டுப் போவும். திரும்பி ஏறினா பின்னயும் தொடங்கும்."

"டயாலிசிஸ்காரிக்குத் தலை நோவாம இருக்குமா" என்றாள் ரத்னபாய்.

அவ்வளவுதான். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு மெஷினில் படுக்கும்போதுதான் தலை வலிக்கும். இவளுக்கு மெஷினில் விட்டுப் போகிறது, வண்டியில் ஏறினால் வருகிறது. விரலில் கரி, காதில் இந்தப் பேச்சு. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அவள் வெள்ளைத் துணியை எடுத்தாள். வட்டம் விழுந்தது. எண்ணை எழுதிக் கம்பியில் போட்டாள். ஒரு வாரத்துக்குள் சரிசெய்து கொண்டுவரச் சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். என்றாவது ஒருநாள் சாயாக் கடையில் ஆள் சேர்ந்திருக்கும்போது இதை எடுத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை காலையில் நல்ல மழை. ரோட்டு வேலைக்குத் தோண்டிப் போட்ட இடத்தில் வண்டிகள் மாட்டிக்கொண்டன. அஸ்வந்தின் கார் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. பேட்டரி மோசம், நிறுத்தினால் மறுபடியும் எடுக்காது என்று இஞ்சினை ஓடவிட்டிருந்தான். முன்கண்ணாடியில் ஆவி படியாமலிருக்கத் தன் பக்கத்தை மட்டும் நாலு விரல் இறக்கியிருந்தான். பின்னால் இரண்டு பக்கமும் முழுக்க ஏற்றியிருந்தது.

"மோனே, தல சுத்துது" என்று அம்மா ஒரு தடவை சொன்னாளாம்.

"இப்பம் எத்திரும்மா. அங்க போய்ப் படுத்தா மாறும்" என்று சொல்லியிருக்கிறான்.

பிறகு சத்தம் இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்பக் கூடாது என்று பாட்டைக் குறைத்தான். இந்தப் பாட்டைக் குறைத்த விஷயத்தைச் சாவு வீட்டில் வருகிற ஒவ்வொருவரிடமும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்து தொட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது, கிட்னி நோயாளிகளுக்கு இப்படி ஆகும் என்றார்கள். அது பொய்யும் இல்லை. வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ரெண்டு வருஷமா வெளறிக் கெடந்தவ, இப்பம் பாரு, முகத்தில என்னா ஒரு நெறம். உண்மைதான். கன்னமும் உதடும் ரோஜா நிறமாக இருந்தன. எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

ரத்னபாய் வந்தாள். தலைமாட்டில் நின்று பார்த்தாள். பிறகு, வண்டிக்கு இல்லாமல் ஒரு ஆளுக்காக அவள் குனிந்ததை அன்றைக்குத்தான் நான் முதல் தடவை கண்டேன். கையை எடுத்து நகத்தைப் பார்த்தாள். கீழுதட்டை விரலால் தாழ்த்திப் பார்த்தாள். புகையின் விஷம் ரத்தத்தில் ஏறினால் உடம்பு வெளுக்காது, சிவக்கும் என்று பயிற்சியில் அவளுக்குப் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எழுந்து ஒருவரிடமும் பேசாமல் வீட்டின் பக்கவாட்டில் நின்ற காருக்குப் போனாள். நான் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், கால் தானாகப் போயிற்று.

ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளினாள். விரிப்பைத் தூக்கினாள். ஓட்டையைச் சுற்றிக் கண்மை தீட்டினது மாதிரி வளையமாகக் கரி. அவள் விரல் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, வைத்தாள். தலையைத் திருப்பினாள். ஜன்னல் படியில் ரப்பர் மூடி இருந்தது.

"எலே சஜி." குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "அண்ணைக்கு அவன் என்கிட்ட என்ன சொன்னான்? நீயும் நிண்ணியே."

அவள் என்னைப் பார்த்தாள். எந்தப் பதில் வேண்டும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. ரத்னபாய் ஒருவரிடம் ஒன்றை வேண்டிக் கேட்டு நான் கண்டதே இல்லை.

"புதுசு போட்டாச்சுண்ணுதான் சொன்னான் அக்கா" என்றேன்.

பயந்து சொன்னேன் என்று சொல்லலாம். அவள்மேல் இரக்கப்பட்டுச் சொன்னேன் என்றும் சொல்லலாம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் அவன் சொன்ன அந்த வார்த்தையை அப்படியே சொன்னால், உனக்கு அது எப்படிப் புரிஞ்சுது என்று அடுத்துக் கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலோடு நான் இந்த ஊரில் இருக்க முடியாது.

அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். தெற்கு மூலையில் மாமர விறகு அடுக்கி முடித்திருந்தார்கள். அஸ்வந்த் ஈரத் தோர்த்தோடு நின்றான். தோளில் குடத்தை வைக்கப் போனார் அவன் பெரியப்பா பொன்னப்பன்.

"அஸ்வந்தே, நில்லு. உனக்க அம்மைய கிட்னி கொல்லல்ல. உனக்க வண்டிக்க புகையாக்கும் கொண்ணது. அடியில ஓட்டை தொறந்து கெடக்கு. நான் அண்ணைக்கே கேட்டேன். புதுசு போட்டாச்சுண்ணு எனக்க மொகத்தப் பார்த்துக் கள்ளம் சொன்னே."

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவனுடைய தங்கை அஞ்சு, இடுப்பில் குழந்தையோடு வாசல்படியில் இருந்தவள், எழுந்து நின்றாள்.

"நான் அப்படிச் சொல்லல்ல மாமி" என்றான் அவன். மெதுவாகத்தான் சொன்னான்.

"சஜி நிண்ணான். கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அஞ்சு தன் அண்ணனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவனோடு பேசவில்லை. நேரம் போவுது என்று பொன்னப்பன் குடத்தை அவன் தோளில் ஏற்றினார். மூன்று சுற்று வந்தான். குடம் உடைந்தது. தீ வைத்தான். இரண்டு தடவை அணைந்துபோய், பெரியப்பா பிடித்துக் கொடுத்து வைத்தான். அந்த உடம்பு எரிந்த பிறகு, கிட்னியா புகையா என்று சொல்ல இனி எந்த டாக்டராலும் ஆகாது. ஊர் முடிவு செய்துவிட்டது. பெற்ற தள்ளையைக் கொன்றவன் என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. வயரிங் வேலைக்கு மட்டும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

ரத்னபாய் மறுநாள் வழக்கம்போல நிலையத்தைத் திறந்தாள். இப்போது எந்தக் கார் வந்தாலும் டிக்கியில் இருப்பதையெல்லாம் இறக்கச் சொல்லி, விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறாள். முணுமுணுக்கிறவர்களிடம், "ஒருத்தன் என்கிட்ட கள்ளம் சொல்லி அம்மையக் கொண்ணான், அறியுமா?" என்று சொல்கிறாள். என்னிடம் அந்த நாளைப் பற்றி இரண்டாவது தடவை கேட்டதில்லை. கேட்கமாட்டாள். கேட்டால் நான் ஒருவேளை உண்மையைச் சொல்லிவிடுவேன் என்ற பயம் அவளுக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வருஷத்தில் இல்லாத ஒரு மரியாதை இப்போது வந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அஸ்வந்த் என் அறைக்கு வந்தான். ரத்னபாய் காஞ்சிரங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாள். நடந்து வந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, ஒரு காரியம் கேக்கணும். கோவப்படப்பிடாது. அண்ணைக்கு நான் மாமிகிட்ட சரிக்கும் என்ன சொன்னேன்? எனக்கு ஓர்ம வரல்ல. கெடந்து ஆலோசிச்சுப் பாக்கேன். ஒரு நேரம் மாத்தி வெச்சிருக்குண்ணு சொன்னதாத் தோணுது. இன்னொரு நேரம் புதுசுண்ணு சொன்னதாவும் தோணுது. நான் எதுக்கு அண்ணா கள்ளம் சொல்லணும்? எனக்க அம்மையல்லியா உள்ள இருந்தது?"

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரி. நீ கள்ளம் சொல்லல்ல மக்கா, அவளுக்குத்தான் அர்த்தம் மாறிப் போச்சு, எனக்குச் சரியாக் கேட்டுது. அதைச் சொன்னால் அம்மா திரும்பி வரமாட்டாள். ஆனால் அவன் நிமிர்ந்து ஊருக்குள் நடந்திருப்பான். தங்கை கதவைத் திறந்திருப்பாள். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"புதுசுண்ணுதான் சொன்னே மக்கா" என்றேன். "வேணும்ணு சொல்லியிருக்க மாட்ட. வாய் தவறி வந்திருக்கும்."



"அண்ணனுக்குக் கேட்டதுண்ணா சரியாத்தான் இருக்கும். அப்பம் நான்தான், இல்லியா?" என்றான்.

நான் மேஜையில் கிடந்த விண்ணப்பங்களை அடுக்கினேன். அவன் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கமாக நடந்தான்.